கசடு இட்ட மண்ணின் மூச்சை அளப்பது எப்படி?

கழிவுநீர்க் கசடு போட்ட ஒரே வாரத்தில் மண்ணில் நுண்ணுயிர்கள் பெருகிவிட்டன என்று யாராவது அறிக்கை கொண்டுவந்தால், அதை ஓரமாக வைத்துவிடுவேன். விருந்து நாளில் வீட்டுக்குள் இருக்கும் தலைகளை எண்ணிக் குடும்பத்தின் அளவைச் சொல்ல முடியுமா? தின்னக் கொடுத்தது தீர்ந்த பிறகு மண்ணில் என்ன மிஞ்சுகிறது என்பதே என் கேள்வி. மண்ணின் மூச்சு, அதாவது அதிலுள்ள நுண்ணுயிர்கள் வெளிவிடும் கார்பன் டைஆக்சைடு, அதைச் சொல்லும். ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு அதை அளக்க நான் கற்றுத்தரும் முறை இது.

முதலில் அளவு. ஒரு ஹெக்டேரில் மேல் 15 செ.மீ. மண் ஏறக்குறைய 2,000 டன் இருக்கும். ஹெக்டேருக்கு 10 டன் உலர் கசடு என்றால், 100 கிராம் மண்ணுக்கு அரை கிராம்தான். ஜாடிக்குள் கைப்பிடியாக அள்ளிப் போட்டுவிட்டு நஞ்சு என்று தீர்ப்பு எழுதுவதில் பொருளில்லை.

மண்ணை 2 மி.மீ. சல்லடையில் சலித்து, அதன் நீர்பிடிப்புத் திறனில் பாதிக்குச் சற்று மேல் ஈரமாக்குங்கள். வெறும் மண், கசடு கலந்தது, மட்கு உரம் கலந்தது என ஒவ்வொன்றுக்கும் மூன்று ஜாடிகள். மண்ணே இல்லாத வெற்று ஜாடிகள் தனியே. மட்கு உரத்தை எடைக்கு எடை போடாமல், கார்பனுக்குக் கார்பன் சமமாகப் போடுங்கள். இல்லையென்றால் ஒப்பீடே தவறு. பதப்படுத்தாத கசடில் புழு முட்டைகள் உயிரோடு இருக்கும், கையுறை கட்டாயம்.

வெளிவரும் கார்பன் டைஆக்சைடை உறிஞ்ச, ஒவ்வொரு ஜாடிக்குள்ளும் சிறு குப்பியில் 0.5 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு 20 மி.லி. வைத்து, காற்றுப் புகாமல் மூடி, 25 டிகிரியில் விடுங்கள். வாரம் ஒருமுறை குப்பியை எடுத்து, பேரியம் குளோரைடும் பீனால்ப்தலீன் என்ற நிறங்காட்டியும் சேர்த்து, இளஞ்சிவப்பு மறையும்வரை அதே வலிமையுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்கள். வெற்று ஜாடிக்குச் செலவானதைவிட எத்தனை மி.லி. குறைவோ, அதை மூன்றால் பெருக்கினால் மண் வெளிவிட்ட கார்பன் மில்லிகிராமில் கிடைக்கும். ஜாடியைச் சற்று நேரம் திறந்து காற்றாட விட்டு, புதுக் குப்பி வைத்து மூடுங்கள். மண்ணில் சுண்ணாம்பு இருந்தால் அதிலிருந்தும் கார்பன் டைஆக்சைடு வரக்கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

முதல் வாரம் கசடு ஜாடி துள்ளும். அதன் கார்பன்–நைட்ரஜன் விகிதம் பொதுவாகப் பத்துக்குள்தான், எளிதில் மட்கும். ஆறு, எட்டு வாரங்கள் பொறுங்கள். அப்போதும் அது மட்கு உரத்தைவிட அதிகமாக மூச்சுவிட்டால் மகிழ வேண்டாம். நுண்ணுயிர்களைக் கொன்று அவற்றிலிருந்து வெளிவரும் கார்பனை அளக்கும் குளோரோஃபார்ம் புகையூட்டும் முறையில் நுண்ணுயிர் நிறையையும் அளந்து, மூச்சை அதனால் வகுத்துப் பாருங்கள். நிறை சுருங்கி மூச்சு மட்டும் கூடியிருந்தால், காட்மியம், துத்தநாகம், செம்பு போன்ற உலோகங்களின் நெருக்கடியை முதலில் சந்தேகிப்பேன். உயிர்கள் வளர்வதற்குப் பதில் தாக்குப்பிடிக்கவே உணவைச் செலவழிக்கின்றன.

ஜாடி காட்டாததைப் பயறுவகைச் செடி காட்டும். இங்கிலாந்தின் வோபர்னில் 1942 முதல் 1961 வரை கசடு இட்ட நிலத்தில், நிறுத்தி இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் வெள்ளைக் குளோவர் என்ற பயறுவகைத் தீவனச் செடி காற்றின் நைட்ரஜனை நிலைநிறுத்தவில்லை. வேர்முடிச்சுகள் இருந்தன, ஆனால் அவற்றுக்குள் பிழைத்திருந்த ரைசோபியம், அதாவது முடிச்சில் இருந்து நைட்ரஜனை நிலைநிறுத்த வேண்டிய பாக்டீரியா, வேலை செய்யாத வகை. ஆகவே ரைசோபியம் விதைநேர்த்தி செய்யாமல் விதைத்து, பூக்கும் பருவத்தில் முடிச்சை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் வேலை நடக்கிறது. வெளுப்போ பச்சையோ என்றால், முடிச்சுகளின் எண்ணிக்கையை நம்பாதீர்கள்.

அப்படி வெளுத்திருந்தால் கசடை நிறுத்திவிட்டு மண்ணின் அமில-கார நிலையை (pH) அளந்து, 6.5-க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்பு இடச் சொல்வேன். உலோகம் மண்ணைவிட்டுப் போகாது. வேருக்கும் நுண்ணுயிருக்கும் எட்டுவது குறையும்.