சாப்பாட்டு மேசையில் ஒரு படிப்பு மூலை

தொடக்கநிலை 3ல் படிக்கும் பிள்ளை, தமிழ் சொல்வதெழுதுதலுக்கு முதல் நாள் மாலை படிக்க உட்காராமல் அழுகிறது. "சோம்பேறி" என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் செய்ய ஒன்றும் இருக்காது. நடத்தைக்கு முன்னும் பின்னும் நடப்பதைக் கவனித்து, அவற்றை மாற்றி நடத்தையை மாற்றும் முறையான பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு கேட்பது இரண்டு கேள்விகள்: அழுகைக்குச் சற்று முன் என்ன நடந்தது? அழுததும் பிள்ளைக்கு என்ன கிடைத்தது? இந்த இரண்டும் பெரியவர்கள் கையில் இருக்கின்றன.

முதல் 5 பள்ளி நாட்களுக்கு எதையும் மாற்றாதீர்கள், எழுதி மட்டும் வையுங்கள். "கவனமாகப் படிப்பது" என்பதை எண்ண முடியாது. "கூப்பிட்ட 2 நிமிடத்துக்குள் உட்கார்ந்து 10 சொற்களை எழுதுவது" என்பதை எண்ணலாம். கூப்பிட்டு எத்தனை நிமிடத்தில் உட்கார்ந்தது, எத்தனை முறை எழுந்தது, ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய தாளில் குறித்தால் போதும். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிறகு முன்னேற்றம் உண்மையா, நம் ஆசையா என்று தெரியாமல் போகிறது.

அந்தத் தாளை நிதானமாகப் படியுங்கள். அழுததும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், அழுகை கவனத்தைப் பெற்றுத் தந்திருக்கிறது. "சரி, நாளைக்குப் பார்க்கலாம்" என்று புத்தகத்தை மூடினால், வேலையிலிருந்து தப்பிக்க வைத்திருக்கிறது. கேட்பதற்கு ஒரே அழுகைதான், வைத்தியம் வேறு வேறு. கவனத்துக்காக அழும் பிள்ளையிடம், அழுவதற்கு முன்பே, எழுதிக்கொண்டிருக்கும்போதே போய்ப் பேசுங்கள். தப்பிக்க அழும் பிள்ளைக்கு வேலையைச் சுருக்கிக் கொடுத்து, "கொஞ்சம் ஓய்வு வேணும்" என்று கேட்கப் பழக்குங்கள். கேட்டால் 2 நிமிடம் கட்டாயம் கொடுங்கள். இதை மாற்றிச் செய்தால், அதாவது தப்பிக்க நினைக்கும் பிள்ளையைத் தனியே போய் உட்காரச் சொன்னால், அது விரும்பியதையே கொடுத்ததாகிவிடும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் தனிப் படிப்பறை தேவையில்லை, சாப்பாட்டு மேசையே போதும். நாற்காலி தொலைக்காட்சிக்கு முதுகு காட்டட்டும். பெரியவர்களின் கைப்பேசி உட்பட எந்தக் கைப்பேசியும் கண்ணில் படக்கூடாது. மேசைமேல் 2 பென்சில், அழிப்பான், அன்றைய சொற்பட்டியல், ஒரு தாள் மட்டும். படிப்புக்கென்றே ஒரு விரிப்பை வைத்துக்கொண்டு, தொடங்கும்போது விரித்து, முடிந்ததும் மடித்து வையுங்கள். நாளடைவில் விரிப்பைப் பார்த்ததும் பிள்ளை உட்காரும். அதன்மேல் விளையாடவும் விட்டால் அந்த அடையாளம் கெட்டுவிடும்.

10 சொற்களை 3, 3, 4 என்று பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் பிள்ளைக்குத் தெரிந்த சொல்லில் தொடங்குங்கள். முதலில் அட்டையைப் பார்த்து எழுதட்டும். அடுத்து 'ப_ம்' போல, குழப்பும் எழுத்தை மட்டும் விட்ட அட்டை. கடைசியில் அட்டையில்லாமல் கேட்டு எழுதுவது. தொடர்ந்து 2 நாள் 10க்கு 9 சரியாக வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். 8க்குக் கீழே இறங்கினால் ஒரு படி பின்னால் வாருங்கள். உதவியை ஒரேயடியாக நிறுத்தினால் தவறுகள் பெருகி, தப்பிக்கும் அழுகையும் திரும்பிவிடும்.

பாராட்டு உடனே வரவேண்டும், எதற்கு என்றும் சொல்லவேண்டும்: "'மழை'யில் ழகரம் சரியா வந்திருக்கு." மாற்றத்தைத் தொடங்கிய முதல் வாரம் ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ஒரு ஒட்டுவில்லை, 3 சேர்ந்தால் புளோக்கின் கீழே விளையாட்டுத் திடலில் 15 நிமிடம். விருப்பமான செயலைக் கொண்டு, விருப்பம் குறைந்த செயலை வலுப்படுத்தலாம் என்று உளவியலாளர் டேவிட் பிரிமாக் 1959ல் எழுதினார். ஆனால் பள்ளி முடிந்து வந்ததும் ஒரு மணி நேரம் கீழே விளையாடிய பிள்ளைக்கு அந்த 15 நிமிடம் பெரிதல்ல. வரிசை முக்கியம்: அழுகையை நிறுத்தக் கைப்பேசியைக் கொடுத்தால், அது அழுததற்கான பரிசு. நன்றாகப் போனால் ஒட்டுவில்லையை 3 சொல்லுக்கு ஒன்று என்பதிலிருந்து 5க்கு ஒன்று, பிறகு 10க்கு ஒன்று என்று மெல்லக் குறையுங்கள். அவசரப்பட்டால் வேலையே நின்றுபோகும். அப்படி நின்றால் முந்தைய படிக்குத் திரும்புங்கள்.

அழுகைக்கு இதுவரை கிடைத்ததை நிறுத்தியதும் சில நாள் அழுகை கூடலாம். மூன்றாம் நாள் மனமிரங்கி விட்டுக்கொடுத்தால், நீண்ட நேரம் அழுதால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்துவிடுகிறோம். பாட்டியும் பணிப்பெண்ணும் அப்பாவும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய அதே தாளின் மேலே 3 வரியில் விதியை எழுதி ஒட்டுங்கள். பிள்ளை தன்னையோ பிறரையோ காயப்படுத்திக்கொண்டால் இதை வீட்டில் தனியாக முயலாதீர்கள். பள்ளி ஆலோசகரிடமோ பலதுறை மருந்தக மருத்துவரிடமோ பேசுங்கள்.

2 வாரம் கழித்து எண்களை முதல் 5 நாட்களோடு ஒப்பிடுங்கள். அசைவே இல்லையென்றால் ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் வேலையின் அளவை.