பேட்டரி தீர்ந்த பிறகு அது என்ன வண்டி? அமெரிக்காவில் பிளக்-இன் ஹைப்ரிட் ஆஃப்-ரோடு எஸ்யூவி வாங்கும் முன்

வார நாளில் பெட்ரோல் செலவில்லாமல் ஆபீஸ் போய் வரணும், சனி ஞாயிறு கரடுமுரடான மலைப்பாதையில் ஏறணும், உள்ளே சீட்டும் சொகுசா இருக்கணும். இந்த மூன்றையும் ஒரே வண்டியில் கேட்டால் டீலர் நேராகப் பிளக்-இன் ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினோடு, பிளக்கில் செருகிச் சார்ஜ் போடும் பேட்டரியும் மின்மோட்டாரும் சேர்ந்த வண்டி) பக்கம்தான் கூட்டிக்கொண்டு போவார். தப்பில்லை, ஆனால் அவர் காட்டுகிற வண்டியில் எப்போதும் பேட்டரி நிறைந்திருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது அது காலியான பிறகு வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பதை.

முதலில் என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் பட்டியல் ரொம்பச் சுருங்கிவிட்டது. இந்த வகையில் சாலையில் அதிகம் கண்ணில் பட்டவை ஜீப்பின் ராங்ளர் ஃபோர்-பை-ஈ, கிராண்ட் செரோக்கி ஃபோர்-பை-ஈ இரண்டும்தான். 2026 மாடலிலிருந்து வட அமெரிக்காவில் பிளக்-இன் ஹைப்ரிட்டுகளை நிறுத்துவதாக ஜீப்பின் தாய் நிறுவனமான ஸ்டெல்லாண்டிஸ் அறிவித்துவிட்டது, ஆக இனிமேல் பழைய வண்டிச் சந்தை, இல்லையென்றால் டீலர் முற்றத்தில் மீந்து நிற்பது. லேண்ட் ரோவர் டிஃபெண்டரின் பிளக்-இன் பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் விற்றது, அமெரிக்காவுக்கு வரவே இல்லை. சீனாவின் டேங்க் 500 என்ற எஸ்யூவி ஆஸ்திரேலியாவில் ஓடுகிறது, இங்கே வாங்க வழியில்லை. டொயோட்டாவின் புது லேண்ட் க்ரூஸர் ஹைப்ரிட்தான், ஆனால் பிளக் கிடையாது. மிச்சம் ரேஞ்ச் ரோவரும் ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட்டும்: மின்சாரத்திலேயே சுமார் 50 மைல் போகும், விலை ஒரு லட்சம் டாலருக்கு மேல். 7,500 டாலர் வரை கிடைத்த மத்திய அரசின் வரிச் சலுகையும் 2025 செப்டம்பர் 30-ஓடு முடிந்துவிட்டது, அதை மனதில் வைத்துப் போட்ட பழைய கணக்குகளை நம்பாதீர்கள்.

பிஎம்டபிள்யூ எக்ஸ்5, போர்ஷே கயென், வோல்வோ எக்ஸ்சி90 எல்லாவற்றிலும் பிளக்-இன் உண்டே என்பீர்கள். உண்டு. அருமையான வண்டிகள், ஆனால் எதிலும் லோ ரேஞ்ச் கியர், அதாவது பாறையிலும் செங்குத்திலும் மெதுவாக, பலமாக நகர உதவும் கியர், இல்லை. மண் சாலை, பனி, சின்ன ஏற்றம் வரைக்கும் சரி, அதற்கு மேல் அவற்றை வதைக்க வேண்டாம்.

வோல்வோ கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதில் எஞ்சின் முன்சக்கரத்தை மட்டும் சுழற்றும், பின்சக்கரத்துக்குத் தனி மோட்டார், இரண்டுக்கும் நடுவே எஞ்சின் விசையைப் பின்னால் கொண்டுபோகும் தண்டு, அதாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட், கிடையாது. அதாவது பின்சக்கரம் எவ்வளவு தள்ளும் என்பது பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ராங்ளரிலும் ரேஞ்ச் ரோவரிலும் அப்படியில்லை. மோட்டார் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையிலேயே உட்கார்ந்திருக்கிறது, அதனால் எஞ்சின் இழுத்தாலும் மோட்டார் இழுத்தாலும் விசை அதே டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வழியாகத்தான் நான்கு சக்கரத்துக்கும் போகும். பேட்டரி தீர்ந்தாலும் ஃபோர் வீல் டிரைவ் தீராது. காட்டுக்குள் போகிறவருக்கு இந்த ஒரு வித்தியாசம் குதிரைசக்தி எண்ணைவிட முக்கியம், ஆகவே எந்த வண்டியானாலும் டீலரிடம் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள், அவர் முழித்தால் நீங்களே குனிந்து அடியில் ஷாஃப்ட் ஓடுகிறதா என்று பாருங்கள்.

இப்போது காலியான வண்டியின் எண்கள். ராங்ளர் ஃபோர்-பை-ஈயில் 2 லிட்டர் டர்போ எஞ்சினும் மோட்டாரும் சேர்ந்தால் 375 குதிரைசக்தி, 637 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, கேட்கவே ஜோர். அரசு மதிப்பீட்டில் மின்சாரத்தில் மட்டும் போவது சுமார் 21 மைல், அதன் பிறகு கேலனுக்கு 20 மைல். மோட்டார் இல்லாத சாதா டர்போ ராங்ளரைவிட இது சிக்கனம் இல்லை, பேட்டரி எடையையும் சுமந்தாக வேண்டுமே! நான்கு கதவு ராங்ளரின் பெட்ரோல் டேங்க் 21.5 கேலன், இதில் 17.2 தான். ஊரை விட்டு நூறு மைல் தள்ளி முகாம் போடுகிறவர்களுக்கு அந்த நாலு கேலன் சின்ன விஷயமில்லை. கிராண்ட் செரோக்கியிலும் இதே கதைதான், பேட்டரி தீர்ந்தால் கேலனுக்கு 23 மைல், சாதா வி6 பெட்ரோல் எஞ்சின் ஃபோர் வீல் டிரைவ் வண்டி தருவது 22. தினமும் இரவில் வீட்டில் சார்ஜ் போட முடியாதவர், அப்பார்ட்மென்டில் இருப்பவர், இதை வாங்குவதில் அர்த்தமே இல்லை என்பேன்.

சார்ஜ் போட முடிகிறவர் அதை எங்கே செலவழிப்பது? இங்கேதான் பலரும் தப்பு செய்கிறார்கள். டென்வரில் நிறைத்துக்கொண்டு யூட்டாவின் பாறைப்பாதைகளுக்குப் பேர்போன மோவாப் போகிறவர் ஹைவேயில் ஏறிய அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டு, பாறையில் ஏறும்போது வெறும் பெட்ரோல் வண்டியோடு நிற்பார். ராங்ளரில் ஈ-சேவ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது, வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அதை அமுக்கிவிடுங்கள், ஹைவே முழுக்க எஞ்சின் பார்த்துக்கொள்ளும். அப்புறம் பாதை தொடங்கும் இடத்தில் மின்சாரத்துக்கு மாற்றி, லோ ரேஞ்ச் போட்டு, மெதுவாக உருட்டிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் இல்லை. டயர் கல்லைக் கவ்வுகிற கரகரப்பு, சரளை நழுவுகிற ஓசை, வெளியே நின்று வழிகாட்டுகிறவர் சாதாரணக் குரலில் "கொஞ்சம் இடது" என்பது, எல்லாம் தெளிவாகக் கேட்கும். மணிக்கு மூன்று நாலு மைல் வேகத்தில் நகரும்போது 21 மைல் என்பது பல நேரம் அரை நாளுக்குப் போதும். கொலராடோ கணவாய்களின் உயரத்தில் காற்று மெலிந்து எஞ்சின் மூச்சு வாங்கும் இடத்திலும் மோட்டாருக்குக் கவலையில்லை.

இதில் ஒரு கொசுறு எச்சரிக்கை. மலை உச்சியில் பேட்டரி நிறைந்திருந்தால் இறங்கும்போது மோட்டார் பிரேக் பிடித்து மின்சாரம் சேமிக்க இடம் இருக்காது, நீங்கள் பழகிய அந்த பிரேக் பிடிப்பு திடீரென்று குறையும். கொஞ்சம் காலி வைத்துக்கொண்டு இறங்குங்கள், லோ கியரை நம்புங்கள்.

ஷோரூமில் பார்க்க வேண்டியது இன்னும் இரண்டு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் டயர் அழுத்தம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும், ஆட்களும் சாமானும் சேர்ந்து எத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். பேட்டரி எடை இந்த எண்ணைத்தான் தின்னும். நாலு பேர், கூரைக் கூடாரம், தண்ணீர் கேன், வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிவடக் கருவி) என்று கூட்டிப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள். அடுத்து டிக்கியின் தரையைத் தூக்கிப் பாருங்கள், பல பிளக்-இன் வண்டிகளில் ஸ்டெப்னி இருக்க வேண்டிய இடத்தைப் பேட்டரியும் அதன் சாமான்களும் பிடித்திருக்கும். பஞ்சர் ஒட்டும் டப்பாவை நம்பிப் பாறைக்காட்டுக்குள் போகாதீர்கள். மூன்றாவது வரிசை சீட் வேண்டும் என்றால் ரேஞ்ச் ரோவரின் பிளக்-இன் உங்களுக்கு ஆகாது.

பழைய ஜீப் வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் முன்கண்ணாடியின் கீழ் ஓரத்தில் இருக்கும் 17 எழுத்து எண்ணைக் குறித்துக்கொண்டு, மத்திய சாலைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் போட்டுப் பாருங்கள். 2025 நவம்பரில் ராங்ளர், கிராண்ட் செரோக்கி ஃபோர்-பை-ஈ வண்டிகள் சுமார் 3,20,000 பேட்டரித் தீ அபாயத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன, சரிசெய்யும் வரை சார்ஜ் போடாதீர்கள், கட்டடத்தை விட்டுத் தள்ளி நிறுத்துங்கள் என்று அறிவுரை. சார்ஜே போடாமல் அந்த வண்டியை வைத்திருந்தால் மேலே சொன்ன கேலனுக்கு 20 மைல் கணக்குதான் தினமும். வேலை முடிந்ததற்கான ரசீது இல்லாமல் விற்கிறவரிடம் பேரம் பேசவே உட்கார வேண்டாம்.

டெஸ்ட் டிரைவுக்கு முந்தின நாளே போன் செய்து பேட்டரியைக் காலியாக வைத்திருக்கச் சொல்லுங்கள். ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், பரவாயில்லை. ஹைவே ஏற்றத்தில் அழுத்தி மிதித்து, எஞ்சின் எவ்வளவு கத்துகிறது என்று கேட்டுவிட்டு வந்து விலை பேசுங்கள்.