கடல்நீர் மீன் தொட்டியில் உப்பளவைச் சரியாகப் பார்ப்பது எப்படி?

மெரைன் டேங்க் வைக்க ஆரம்பிக்கும்போது லைட், ஸ்கிம்மர் (நுரையோடு கழிவைப் பிரிக்கும் கருவி), பாறை என்று எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறோம். உப்பளவு விஷயத்தில் மட்டும் கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பிவிடுகிறோம். அந்த எண் எவ்வளவு தூரம் உண்மை என்று சோதித்துப் பார்ப்பதுதான் இந்த வேலையில் பாதி.

சராசரிக் கடல்நீரில் கிலோவுக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கும். இதைத்தான் 35 பிபிடி என்கிறோம். 25 டிகிரி சூட்டில் இதன் ஸ்பெசிஃபிக் கிராவிட்டி (தூய நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.026 சொச்சம். பவளம் வளர்ப்பவர்கள் 34க்கும் 36க்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். மீன் மட்டும் என்றால் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் தாங்கும். ஆனால் அடிக்கடி ஏறி இறங்கினால் மீனும் தாங்காது.

எந்தக் கருவி?

பிளாஸ்டிக் பெட்டிக்குள் முள் ஆடும் ஹைட்ரோமீட்டர் விலை குறைவு. ஆனால் முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலே எண் கூடிவிடும். உப்பு படிந்தாலும் தப்பாகக் காட்டும். கொஞ்சம் கூடுதல் செலவானாலும் கையடக்க ரிஃப்ராக்டோமீட்டர் (தண்ணீரில் ஒளி வளைவதை வைத்து உப்பளவைக் காட்டும் கருவி) வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் வாங்கினாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி, 'கடல்நீர்' அளவுகோல் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். விலை மலிவாகக் கிடைப்பவற்றில் பல, சாதா உப்புக் கரைசலுக்காகச் செய்யப்பட்டவை. அதில் தூய நீர் விட்டு 0 வைத்துவிட்டு அளந்தால், 35 பிபிடி கடல்நீரை 36.5 என்று காட்டும். அதை நம்பி 35க்கு இறக்கினால் தொட்டியில் உண்மையில் இருப்பது 33.5தான்.

காலிபரேஷன்

அதனால் 0 வைத்துச் சரிபார்ப்பது போதாது. 35 பிபிடி ஸ்டாண்டர்டு திரவத்தை (உப்பளவு துல்லியமாகத் தெரிந்த கரைசல்) வைத்துச் சரிபார்க்க வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். ஈரமில்லாத தூள் உப்பு 36.5 கிராம், ஆர்ஓ தண்ணீர் 963.5 கிராம். சாதா உப்பு என்பதால் 36.5 கிராம் போட்டால்தான், ரிஃப்ராக்டோமீட்டரில் 35 பிபிடி கடல்நீர் போலவே இருக்கும். 0.1 கிராம் வரை காட்டும் தராசில் உப்பை நிறுங்கள். தண்ணீரையும் பாட்டில் கோட்டைப் பார்த்து ஊற்றாமல் எடை போட்டே எடுங்கள். கல் உப்பு வேண்டாம், அதில் ஈரம் இருப்பதால் எடை கணக்கு உதைக்கும். இந்தக் கரைசல் ரிஃப்ராக்டோமீட்டருக்கு மட்டும்தான். ஹைட்ரோமீட்டருக்கோ கண்டக்டிவிட்டி மீட்டருக்கோ (மின்சாரம் கடத்துவதை வைத்து உப்பை அளக்கும் கருவி) இதை வைத்துச் சரிபார்க்கக் கூடாது.

1. கருவி, ஸ்டாண்டர்டு திரவம், தொட்டியிலிருந்து மூடி போட்ட சின்ன பாட்டிலில் எடுத்த தண்ணீர் மூன்றையும் ஒரே அறையில் அரை மணி நேரம் வையுங்கள்.
2. சீலிங் ஃபேனை அணையுங்கள். கண்ணாடி மேல் நிற்பது இரண்டு மூன்று சொட்டுதான். காற்று பட்டால் அது ஆவியாகி எண் ஏறிவிடும்.
3. கண்ணாடியை ஆர்ஓ தண்ணீரில் கழுவி மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். ஸ்டாண்டர்டு திரவத்தை விட்டு உடனே மூடியை இறக்குங்கள். குமிழி தெரிந்தால் துடைத்துவிட்டுத் திரும்ப விடுங்கள்.
4. அரை நிமிடம் பொறுத்து, ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு 35இல் நிற்கும் வரை மேலே உள்ள ஸ்க்ரூவை மெதுவாகத் திருப்புங்கள்.
5. கழுவித் துடைத்து, இப்போது தொட்டித் தண்ணீரை விட்டு அளக்கலாம். இரண்டு மூன்று முறை பார்த்து, எண் ஒத்துப்போனால்தான் குறித்துவையுங்கள்.

நம்ம ஊர் வெயிலில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 'ஏடிசி' என்று போட்டிருக்கும் கருவிகள் சூட்டு வித்தியாசத்தைத் தாமே சரிசெய்துகொள்ளும். ஆனால் பெரும்பாலானவற்றுக்கு அந்த வரம்பு 10 முதல் 30 டிகிரி வரைதான். கத்திரி வெயிலில் சென்னை வீட்டு ஹாலே அதைத் தாண்டிவிடும். அந்த மாதங்களில் ஏசி அறையில் வைத்து அளந்தால்தான் எண்ணை நம்பலாம்.

எப்போது அளப்பது?

வாரம் ஒரு தடவை, தண்ணீர் மாற்றும்போதெல்லாம் ஒரு தடவை. புதிதாக உப்பு கலந்தால் பம்ப்பை ஓடவிட்டு, இரவு முழுக்கக் கரைந்த பிறகு அளங்கள். டாப்-அப் (ஆவியான அளவுக்கு விடும் தண்ணீர்) ஊற்றிய கையோடு அளக்காதீர்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் குறைந்த மட்டத்தை உப்பில்லாத ஆர்ஓ தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். ஈசிஆர் பக்கம் கடல்நீர் பிடித்து வருபவர்கள் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒவ்வொரு கேனையும் அளந்தே ஊற்றுங்கள். மழைநீரும் ஆற்றுநீரும் கலந்து கரையோரத்தில் உப்பு குறைந்துவிடும்.

எண் தவறியிருந்தால்

பாறை, மணல் போக 100 லிட்டர் தண்ணீர் இருக்கிறது, அளவு 33 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிபிடி ஏற்ற ஏறக்குறைய 100 கிராம் வீதம், 35க்குக் கொண்டுவர மெரைன் சால்ட் 200 கிராமுக்குச் சற்று மேல் பிடிக்கும். நேரே கொட்டாமல் வாளியில் தொட்டித் தண்ணீரை எடுத்துக் கரைத்து, இரண்டு நாளாகப் பிரித்து ஊற்றுங்கள். 37 காட்டினால் சுமார் 5.5 லிட்டரை எடுத்துவிட்டு அதே அளவு ஆர்ஓ தண்ணீர் விட வேண்டும், அதையும் ஒரே தடவையில் செய்ய வேண்டாம். ஒவ்வொரு தடவை ஊற்றிய பிறகும் சில மணி நேரம் விட்டு அளந்து பார்த்து, அடுத்த பங்கைக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள்.