மலையூரில் இரண்டாம் பாகம் போட்டுப் பார்ப்பது எப்படி

ஆடி பிறந்தால் கூடலூர், பந்தலூர் பக்கம் விடாத மழை. ஐப்பசி வந்தால் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அதே கதை. எப்படியும் வருஷத்தில் சில வாரங்கள் வீட்டுக்குள் முடங்கத்தான் வேண்டும். அதிகம் பேசப்படாத இரண்டாம் பாகங்களையும் சீரியல் முடிவுகளையும் நாலு வீட்டார் சேர்ந்து பார்க்க அதைவிடத் தோதான காலம் கிடையாது. எதை எதோடு சேர்ப்பது, முதல் பாகத்தில் எவ்வளவு போடுவது, எந்தப் பிரதியை நம்புவது, இந்த உயரத்தில் புரொஜெக்டர் என்ன தொந்தரவு தரும், முடிந்தபின் எப்படிப் பேசுவது என்பதற்கான குறிப்பு இது.

இரண்டாம் பாகம் மோசம் என்பவர்களில் பலர் அதை முதல் பாகத்தோடு ஒப்பிடுவதில்லை. முதல் பாகத்தைப் பார்த்த வயசோடு ஒப்பிடுகிறார்கள். பதினாறு வயசில் தியேட்டரில் விசிலடித்துப் பார்த்த படத்தை நாற்பது வயசில் சோபாவில் பார்க்கும் எந்தப் படமும் ஜெயிக்காது. ஆகவே முதல் பாகத்தின் தேவையான பகுதியை அன்றைக்கே, அதே திரையில், அதே ஆட்களோடு பார்த்துவிட்டு இரண்டாவதைத் தொடங்குங்கள். மற்ற எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

1983இல் வந்த ‘சைக்கோ 2’ இந்த வேலையைத் தானே செய்துவிடுகிறது. 1960ஆம் ஆண்டுப் படத்தின் குளியலறைக் கொலையை அப்படியே கறுப்பு வெள்ளையில் போட்டுத் தொடங்கி, குன்றின் மேல் நிற்கும் அந்த வீட்டுக்கு வந்து, அங்கிருந்து கலருக்கு மாறுகிறது. அந்தக் கொலையைச் செய்த நார்மன் பேட்ஸ் 22 வருஷம் கழித்து மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வருகிறான். அதே ஆந்தனி பெர்கின்ஸ், உண்மையிலேயே வயதேறிய முகத்தோடு. முதல் படத்தில் அக்காவைத் தேடிவந்த வேரா மைல்ஸும் திரும்ப வருகிறார். ஹிட்ச்காக் படத்துக்கு இரண்டாம் பாகமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு இதைத்தான் முதலில் போட வேண்டும். திருந்தி வாழ நினைக்கும் ஒருவனை ஊர் விடுமா என்கிற கேள்வியை எடுத்துக்கொண்டு கடைசிவரை பிடி தளராமல் போகிற படம்.

ஜோடி சேர்ப்பது

பெயரில் மட்டும் தொடர்ச்சி உள்ள படங்களை முதலில் தனியாகப் பிரித்து வையுங்கள். ‘பீட்சா’வுக்கும் (2012) ‘பீட்சா 2: வில்லா’வுக்கும் (2013) கதைத் தொடர்பு கிடையாது. ‘பசங்க’ (2009), ‘பசங்க 2’ (2015) இரண்டும் அப்படியே. இதைச் சொல்லாமல் போட்டால், பார்ப்பவர்கள் பழைய ஆட்கள் எப்போது வருவார்கள் என்று காத்திருந்தே பாதிப் படத்தைக் கோட்டைவிடுவார்கள். போடுவதற்கு முன் ஒரு வரியில் சொன்னால் போதும். நம்பர் குழப்பமும் உண்டு: ‘காஞ்சனா’தான் (2011) ‘முனி’யின் (2007) இரண்டாம் பாகம். ‘காஞ்சனா 2’ (2015) அந்த வரிசையில் மூன்றாவது.

முன்கதைப் படத்தைப் பின்னால்தான் போட வேண்டும். ‘பில்லா 2’ (2012) கதைப்படி முந்தியது என்பதற்காக அதை முதலில் போட்டால் 2007ஆம் ஆண்டு ‘பில்லா’வின் திருப்பம் நீர்த்துப்போகும். ஒருவன் எங்கே போய் முடிந்தான் என்று தெரிந்த பிறகுதான் எங்கே தொடங்கினான் என்பதற்கு எடை வரும்.

இனி, கொஞ்சம் மெனக்கெட்டுத் தேடிப் பார்க்க வேண்டிய தமிழ் ஜோடிகள். ‘கல்யாணராமன்’ (1979), ‘ஜப்பானில் கல்யாணராமன்’ (1985). முதலாவது ஜி.என். ரங்கராஜன் இயக்கியது, இரண்டாவது எஸ்.பி. முத்துராமன். முதல் படத்தின் கடைசி முப்பது நிமிஷம் கட்டாயம் வேண்டும். எத்துப்பல் கல்யாணம் செத்துப்போய், இரட்டைப் பிறவி ராமனின் உடம்புக்குள் ஆவியாக வருகிறவன் என்பது தெரியாத பிள்ளைகளுக்கு இரண்டாவது படத்தின் முதல் ரீலே புரியாது. இரண்டாவது படம் சுகுபா உலகக் கண்காட்சியை நின்று நிதானமாகச் சுற்றிக் காட்டும். கதை அங்கே தொய்யத்தான் செய்கிறது. ஆனால் 1985இல் ஒரு தமிழ்ப்பட யூனிட் அந்த அரங்குகளுக்குள் கேமராவோடு நடந்த பதிவு வேறெங்கும் இப்படிக் கிடைக்காது. அந்தப் பகுதியை ஓட்டிவிடாதீர்கள்.

‘மணல் கயிறு’ (1982), ‘மணல் கயிறு 2’ (2016) ஜோடிக்கு முதல் படத்தின் முடிவு அவ்வளவு முக்கியமில்லை. கிட்டுமணி எட்டுக் கண்டிஷன் போடும் காட்சியும், நாரதர் நாயுடு அவற்றுக்குப் பொய்யால் வழி பண்ணும் இடங்களும்தான் வேண்டும். 34 வருஷம் கழித்து கிட்டுமணியின் மகள் தன் பங்குக்கு எட்டுக் கண்டிஷன் போடுகிறாள். விசுவின் முதல் படத்தில் உள்ள வசன வேகம் இரண்டாவதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனாலும் ஒரு காலத்தில் கண்டிஷன் போட்டு நிமிர்ந்து நின்ற அதே எஸ்.வி. சேகர், அப்பாவாகக் கையைப் பிசைந்து நிற்பதைப் பார்க்க அடுத்தடுத்துப் போட்டால்தான் முடியும்.

‘அமைதிப்படை’ (1994), ‘நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ.’ (2013) ஜோடியில் கதையை ரொம்பத் தேடாதீர்கள். சத்யராஜும் மணிவண்ணனும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பேசும் காட்சிகளைக் கவனியுங்கள். இரண்டாவது படம் மணிவண்ணன் இயக்கிய ஐம்பதாவது படம், கடைசிப் படமும் கூட. வெளியான அடுத்த மாதமே அவர் இறந்துபோனார். அது தெரிந்து பார்த்தால் அந்தக் காட்சிகள் வேறு மாதிரி இருக்கும்.

இங்கிலீஷில் இரண்டைச் சொல்லலாம். ‘சைனாடவுன்’ (1974) படத்தின் தொடர்ச்சியாக 1990இல் ஜாக் நிக்கல்சன் தானே இயக்கி நடித்த ‘தி டூ ஜேக்ஸ்’. முதல் படத்தில் லாஸ் ஏஞ்சலஸின் தண்ணீர், இதில் எண்ணெய். இதற்கு அரைமணி நேரத் துண்டு உதவாது. முதல் படத்தை முந்தின நாள் முழுசாகப் போட வேண்டும். இன்னொன்று ‘2010’ (1984). குப்ரிக் 1968இல் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யில் வாய் திறக்காமல் விட்டதற்கெல்லாம் இந்தப் படம் விளக்கம் சொல்கிறது. விண்கலத்தை இயக்கும் ‘ஹால்’ என்ற கம்ப்யூட்டர் ஏன் ஆட்களைக் கொன்றது என்பதற்கு இங்கே நேரடியாகப் பதில் உண்டு: உண்மையை மறைக்கச் சொல்லி அதற்கு உத்தரவு போட்டிருந்தார்கள். பதில் கிடைத்தது நல்லதா கெட்டதா என்று ஒரு மணி நேரம் சண்டை போட இதைவிட நல்ல படம் இல்லை.

பிரதி சரியானதா என்று பார்ப்பது

பழைய தமிழ்ப் படங்களின் ஆன்லைன் பிரதிகளில் பாட்டும் காமெடியும் வெட்டுப்பட்டிருக்கும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி சென்சார் சான்றிதழ். படம் தொடங்கும்போது வரும் அந்தத் தாளில் நீளம் மீட்டரில் இருக்கும். அங்கே நிறுத்திக் குறித்துக்கொள்ளுங்கள். 35 எம்எம் பிலிம் நிமிஷத்துக்கு 27.4 மீட்டர் ஓடும். 4000 மீட்டர் என்றால் 146 நிமிஷம் வர வேண்டும். பிளேயர் 140 காட்டினால் பயப்பட வேண்டாம்: டிவிக்காக விநாடிக்கு 25 பிரேம் வேகத்தில் மாற்றிய பிரதி 4 சதவீதம் குறைவாகத்தான் ஓடும், எதுவும் வெட்டுப்படாமலே. குரல் கொஞ்சம் கீச்சென்று ஒலிப்பது அதற்கு அடையாளம். 125 காட்டினால் வெட்டிவிட்டார்கள், வேறு பிரதி தேடுங்கள். சான்றிதழே இல்லாத பிரதியில் இடைவேளை எங்கே வருகிறது என்று பாருங்கள். ஏறக்குறைய நடுவில் இல்லையென்றால் ஏதோ ஒரு பாதியில் கத்தரி விழுந்திருக்கலாம்.

மழை நாளில் மரம் விழுந்தால் நெட் போய்விடும். ஓடிடி படத்தை முந்தின நாளே இறக்கி வையுங்கள். இறக்கியதைச் சோதிக்கிறேன் என்று பிளே அழுத்தினால் பல ஆப்களில் 48 மணி நேரக் கெடு அந்த நொடியே ஓட ஆரம்பித்துவிடும். போனிலிருந்து வயர் போட்டுப் பெரிய திரைக்கு விட்டால் சத்தம் மட்டும் வந்து திரை கறுப்பாக நிற்பதும் உண்டு. அது காப்பிரைட் பூட்டு, வயரின் கோளாறு இல்லை. இதை வேறொரு படத்தை வைத்து முன்கூட்டியே சோதித்துவிடுங்கள்.

உயரமும் ஈரமும்

பெரும்பாலான புரொஜெக்டர்களின் மெனுவில் ‘ஹை ஆல்டிடியூட் மோட்’ என்று ஒன்று இருக்கும். சமவெளிக்காரர்கள் அதைத் தொடவே வேண்டியதில்லை. 1500 மீட்டருக்கு மேல் கட்டாயம் போட வேண்டும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் நான்குமே அதற்கு மேல்தான். காற்று மெலிந்திருப்பதால் ஒரே வேகத்தில் சுற்றும் பேன் இங்கே குறைவான சூட்டைத்தான் வெளியேற்றும். ஊரே குளிருகிறதே, புரொஜெக்டர் எப்படிச் சூடாகும் என்று விட்டுவிட்டால் இரண்டாம் பாதியில் தானாக அணைந்துபோகும். அந்த மோடில் பேன் சத்தம் கூடும், ஆகவே புரொஜெக்டரை ஆட்களின் காதுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

குளிர்ந்த அறையிலிருந்தோ காரிலிருந்தோ கொண்டுவந்த உடனே சுவிட்ச் போடாதீர்கள். ஆட்கள் கூடிய கதகதப்பான அறையில் லென்ஸிலும் உள்ளேயும் நீர் கோக்கும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அப்படியே விட்டு, லென்ஸ் தெளிந்த பிறகு போடுங்கள். பழைய டிவிடிகளில் பூஞ்சணம் பூத்திருந்தால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோடாகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்து விழும் கீறலை பிளேயரால் சமாளிக்க முடியாது. துடைத்ததை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

கரண்ட் கணக்கு இது. 12 வோல்ட், 150 ஆம்பியர்-ஹவர் இன்வெர்ட்டர் பேட்டரியில் 1800 வாட்-ஹவர் இருக்கும். பாதியை மட்டும் நம்புங்கள். எல்இடி புரொஜெக்டர், லேப்டாப், ஸ்பீக்கர் சேர்ந்து 220 வாட் என்றால் நாலு மணி நேரம் ஓடும். பழைய லாம்ப் புரொஜெக்டர் தனியாகவே 250, 300 வாட் இழுக்கும், லேப்டாப்பும் ஸ்பீக்கரும் சேர்ந்தால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம்தான். தகரக் கூரை வீடென்றால் மழைச் சத்தத்தில் வசனம் காணாமல் போகும். ஸ்பீக்கரைத் திரைக்குப் பக்கத்தில் வைக்காமல் ஆட்களுக்கு இரண்டு பக்கமும் காது உயரத்தில் வையுங்கள், சப்டைட்டிலும் போட்டுவிடுங்கள்.

பகல் ஒன்றரைக்குத் தொடங்கினால் பேச்செல்லாம் முடித்து ஆறேகாலுக்குக் கிளம்பலாம். அதற்கு மேல் நீட்டாதீர்கள். கோத்தகிரிப் பக்கம் இருட்டினால் தேயிலைக்குள் காட்டுமாடும் கரடியும் நடமாடும். கொடைக்கானலில் காட்டுமாடு கடைவீதிக்கே வரும். வர்க்கியை டின்னிலேயே வைத்திருந்து இடைவேளையில் திறங்கள், இந்த ஈரத்தில் அரை மணியில் நமுத்துவிடும்.

சீரியல் முடிவுகள்

சீரியலுக்கு வேறு கணக்கு. தினசரித் தொடரின் கடைசி வாரத்தைப் பார்க்கும்போது கதை முடிந்ததா, நிறுத்தப்பட்டதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். திருச்செல்வத்தின் ‘எதிர்நீச்சல்’ 2022இல் தொடங்கியது. ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் இறந்தார். வேல ராமமூர்த்தி அந்த வேஷத்துக்கு வந்தார், 2024 ஜூனில் தொடர் நின்றது, அதே வருஷம் டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று மறுபடி கிளம்பியது. இதன் முடிவைப் பற்றிப் பேசக் கடைசி எபிசோடு மட்டும் போதாது. மாரிமுத்துவின் கடைசி இரண்டு, புது குணசேகரனின் முதல் இரண்டு, ஜூன் மாதத்துக் கடைசி ஐந்து என ஒன்பது எபிசோடு போடுங்கள். விளம்பரமும் முன்கதைச் சுருக்கமும் போக எபிசோடுக்கு இருபது நிமிஷம், மொத்தம் மூன்று மணி நேரம். குணசேகரனின் ஒரு வசனத்துக்காக ஊரே காத்திருந்த தொடர் அது. அந்தக் குரல் போனபின் எழுத்து எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது இப்படிப் பார்த்தால் துல்லியமாகத் தெரியும்.

‘மர்மதேசம்’ வரிசையின் ‘விடாது கருப்பு’வை இப்படித் துண்டு போடவே கூடாது. இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய அந்தத் தொடரில் முடிச்சுக்கான தடயங்கள் தொடக்கத்திலிருந்தே சிதறிக் கிடக்கின்றன. ஊரின் கருப்புசாமி நம்பிக்கையையும் மனநல மருத்துவத்தையும் நேருக்கு நேர் நிறுத்துகிற அந்த முடிவு தமிழ் டிவியில் வந்தவற்றில் ஆகச் சிறந்தது. ஞாயிறுக்கு ஆறு எபிசோடு என்று வாரக்கணக்கில் முழுசாகப் போடுங்கள். ஏற்கெனவே பார்த்தவர்கள் வாயைத் திறப்பதில்லை என்று உறுதி சொன்னால்தான் அழைக்க வேண்டும்.

அமெரிக்கத் தொடரான ‘ட்வின் பீக்ஸ்’ போடுவதானால் 1990-91 தொடர், 1992ஆம் ஆண்டு சினிமா, 2017ஆம் ஆண்டின் 18 எபிசோடு என்ற வரிசையை மாற்றாதீர்கள். சினிமா முன்கதைதான், ஆனாலும் கொலைகாரன் யார் என்பதை அது போட்டு உடைத்துவிடும். ‘சித்தி’யையும் (1999) ‘சித்தி 2’வையும் (2020) சேர்த்துப் போட அவசியமில்லை, குடும்பமும் கதையும் வேறு.

பார்த்தபின் பேசுவது

இரண்டாம் பாகம் தொடங்குமுன் ஆளுக்கொரு தாள் கொடுங்கள். முதல் பாகம் பதில் சொல்லாமல் விட்ட மூன்று கேள்விகளை எழுதி மடித்து வைக்கட்டும். படம் முடிந்ததும் இருபது நிமிஷம் டீக்கு விடுங்கள், அதுவரை படப்பேச்சு வேண்டாம். உடனே பேசினால் சத்தமாகப் பேசுகிறவரின் அபிப்பிராயமே எல்லோருடைய அபிப்பிராயமாகிவிடும். பிறகு தாள்களைப் பிரித்து, ஒவ்வொரு கேள்விக்கும் படம் பதில் சொன்னதா, தெரிந்தே விட்டதா, மறந்தே போனதா என்று பாருங்கள். ‘நல்லா இருந்துச்சா’ என்று யாரும் கேட்க வேண்டாம். தெரிந்தே விட்டதற்கும் மறந்துபோனதற்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பேச்சு சூடு பிடிக்கும். வயதில் சிறியவர்கள் முதலில் பேசட்டும். அவர்களுக்கு முதல் பாகத்தின் மேல் பழைய பாசம் எதுவும் கிடையாது.

வீட்டில் நாலு பேராகப் பார்ப்பது வரை சரி. கூட்டம் பெருகி ஊர் மண்டபத்துக்கு மாற்றினாலோ டிக்கெட் வைத்தாலோ உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். வீட்டு ஓடிடி சந்தா அதற்குச் செல்லாது. பழைய படங்களின் உரிமை பலமுறை கைமாறியிருக்கும், அதனால் அனுமதிக் கடிதத்தைத் தேதி குறிப்பதற்கு ஒரு மாதம் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள்.