பிளெண்டரில் பெரிய சீனைக் குழப்பமில்லாமல் வைத்திருப்பது எப்படி?

ஒரு க்யூப், ஒரு கேமரா, ஒரு லைட் என்று இருக்கும்வரை, 3டி உருவங்களும் அனிமேஷனும் செய்யும் மென்பொருளான பிளெண்டரில் எல்லாம் சுகம்தான். ஒரு பஸ் நிலையம் செய்ய உட்கார்ந்து பாருங்கள். நாலு பஸ், நடைமேடை, பெஞ்சுகள், பயணிகள், விளக்குக் கம்பங்கள் என்று சேரச் சேர, வலது மேல் மூலையில் இருக்கும் அவுட்லைனரில் (சீனில் உள்ள பொருள்களின் பட்டியலில்) 'க்யூப்.001', 'க்யூப்.002' என்று வரிசை நீண்டுகொண்டே போகும். எது பஸ் கதவு, எது பெஞ்சின் கால் என்று செய்தவருக்கே தெரியாது.

அந்தப் பஸ் நிலையத்தையே வைத்து ஒழுங்குபடுத்திப் பார்க்கலாம். 2.91 பதிப்பும் அதற்குப் பிறகு வந்தவையும் என்றால் போதும். 2.80-க்கு முன்பு, பொருள்களைப் பிரித்து அடுக்கும் பெட்டியான கலெக்‌ஷன் கிடையாது. 20 லேயர் கட்டங்கள்தான், எதில் எதை வைத்தோம் என்று நாமே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1. முதலில் பெயர்

பொருளைத் தேர்ந்தெடுத்து எஃப்2 அழுத்தினால் பெயர் மாற்றும் பெட்டி வரும். செய்த கையோடு பெயர் வைத்துவிடுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம். பெரியதிலிருந்து சிறியதற்குப் போகிற மாதிரி வையுங்கள்: பஸ்01_கதவு_முன், பஸ்01_சக்கரம்_பின். அகர வரிசையில் பஸ்ஸின் உறுப்புகள் எல்லாம் தானாகவே பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். ஃபைலில் தட்டும்போது ஆங்கில எழுத்தே வசதி, நாளைக்கு வேறு மென்பொருளுக்கு அனுப்பினாலும் சிக்கல் வராது.

ஏற்கெனவே குப்பை சேர்ந்துவிட்டதா? மொத்தமாகத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல் + எஃப்2. 'க்யூப்' என்பதைத் தேடி 'பெஞ்ச்' என்று மாற்றச் சொன்னால் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றிவிடும்.

2. கலெக்‌ஷன் பிரிப்பது

தேவையானவற்றைத் தேர்ந்தெடுத்து எம் அழுத்துங்கள், 'நியூ கலெக்‌ஷன்' கொடுங்கள், பெயர் வையுங்கள். செய்வது இவ்வளவுதான். எதை எதோடு சேர்ப்பது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். மரச்சாமான் எல்லாம் ஓரிடம், இரும்பு எல்லாம் ஓரிடம் என்று பிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்க அழகாக இருக்கும், வேலைக்கு உதவாது.

என்னைக் கேட்டால் கேள்வி ஒன்றே ஒன்று: எதையெல்லாம் ஒரே கிளிக்கில் மறைக்க வேண்டியிருக்கும்? பஸ் உள்ளே வந்து நிற்பதை அனிமேட் செய்யும்போது பயணிகள் வேண்டாம், பின்னணிக் கட்டடங்கள் வேண்டாம், நடைமேடை மட்டும் வேண்டும். ஆகவே பயணிகள், பின்னணி, நடைமேடை, விளக்குகள், ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒன்று என்று பிரியுங்கள்.

கலெக்‌ஷன் மேல் ரைட் கிளிக் செய்து நிறமும் கொடுக்கலாம். அனிமேட் செய்யும் பொருள்களுக்கு மட்டும் ஒரு நிறம் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் கொடுத்தால் எதுவும் கண்ணில் படாது.

3. கண், கேமரா, டிக்

அவுட்லைனரில் கண் சின்னத்தை அணைத்தால் பொருள் திரையில் மறையும், ரெண்டரில் (கடைசியாக உருவாகும் படத்தில்) வரும். எச் அழுத்தி மறைப்பதும் இதே கண்தான். பூலியன் வெட்டுக்காக (ஒரு வடிவத்தால் இன்னொன்றைக் குடைவதற்காக) வைத்த ஒரு பெட்டியை எச் போட்டு மறைத்துவிட்டு எஃப்12 அழுத்தி ரெண்டர் செய்தால், நடைமேடை நடுவே அந்தப் பெட்டி ஜம்மென்று நிற்கும். ரெண்டரில் வரக்கூடாது என்றால் கேமரா சின்னத்தை அணைக்க வேண்டும்.

கலெக்‌ஷனுக்கு மட்டும் ஒரு டிக் கட்டம் உண்டு. அதை எடுத்தால் அந்த வியூ லேயரிலிருந்தே கலெக்‌ஷன் விலகிவிடும்; திரையிலும் இருக்காது, ரெண்டரிலும் இருக்காது. கம்ப்யூட்டர் திணறும்போது பயணிகள் கூட்டத்துக்கு இதைத்தான் செய்ய வேண்டும். ரெண்டருக்கு முன் மறக்காமல் திரும்ப டிக் போடுங்கள்.

மேலே புனல் மாதிரி இருக்கும் ஃபில்டரைத் திறந்தால் அம்புக்குறிச் சின்னத்தையும் வெளியே கொண்டுவரலாம். அதை அணைத்த பொருளைக் கிளிக் செய்ய முடியாது. தரைக்கும் கட்டடங்களுக்கும் அணைத்து வையுங்கள். பஸ்ஸைப் பிடிக்கப் போய்த் தரையைப் பிடிக்கும் தொல்லை ஒழியும்.

4. பேரன்ட் வேறு, கலெக்‌ஷன் வேறு

கலெக்‌ஷன் என்பது அடுக்கி வைக்க. பேரன்ட் என்பது சேர்ந்து நகர. பஸ் நகரும்போது கதவும் சக்கரமும் கூடவே வர வேண்டும் என்றால் பேரன்ட்தான் வேண்டும். பஸ்ஸுக்கு அடியில் ஓர் எம்ப்டி (ரெண்டரில் வராத வெற்றுப் பொருள்) வைத்து, 'பஸ்01_ரூட்' என்று பெயரிடுங்கள். பாடி, கதவு, சக்கரங்களைத் தேர்ந்தெடுத்து, கடைசியாக ஷிஃப்ட் பிடித்து எம்ப்டியைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் + பி, 'ஆப்ஜெக்ட்'. இனி எம்ப்டியை நகர்த்தினால் முழு பஸ்ஸும் நகரும். சக்கரம் சுழல்வதற்குத் தனிக் கீ (குறித்த நேரத்தில் பொருளின் நிலையைப் பதிவது) போட்டுக்கொள்ளலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எம்ப்டியை மட்டும் எம் அழுத்தி வேறு கலெக்‌ஷனுக்கு அனுப்பினால் எம்ப்டி மட்டும்தான் போகும். அவுட்லைனரில் பிள்ளைகள் (அதோடு பேரன்ட் செய்த பாடி, கதவு, சக்கரங்கள்) அதன் கீழேயே மங்கலாகத் தெரிவதால் எல்லாம் போய்விட்டதாக நினைத்துக்கொள்வோம். கலெக்‌ஷனை மறைத்ததும் எம்ப்டி மறையும், பஸ் அப்படியே நிற்கும். அவுட்லைனரில் எம்ப்டி மேல் ரைட் கிளிக், 'செலக்ட் ஹைரார்க்கி', அப்புறம் எம். சரியாகிவிடும்.

5. ஒரே பொருள் பல இடத்தில்

பெஞ்சுகளுக்கு ஷிஃப்ட் + டி வேண்டாம், ஆல்ட் + டி போடுங்கள். எல்லாம் ஒரே மெஷ்ஷைப் (வடிவத்தைப்) பகிர்ந்துகொள்வதால் ஒன்றை எடிட் செய்தால் எல்லாம் மாறும். பின்னால் சும்மா நிற்கும் பஸ்களுக்கு ஷிஃப்ட் + ஏ, 'கலெக்‌ஷன் இன்ஸ்டன்ஸ்'. முழு பஸ்ஸும் ஒரே வரியாக அவுட்லைனரில் வரும். ஆனால் அதன் கதவை மட்டும் தனியாகத் திறக்க முடியாது. மூல பஸ் சீனின் மையத்தில் இல்லாவிட்டால் நகல் தள்ளிப்போய் நிற்கும், அதையும் கவனியுங்கள்.

6. தேடவும் துடைக்கவும்

திரையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு, மவுஸை அவுட்லைனர் மேல் வைத்து நம்பேடில் உள்ள புள்ளியை அழுத்தினால் பட்டியல் அந்தப் பொருளிடம் போய் நிற்கும். நம்பேட் இல்லாத லேப்டாப்பில் ரைட் கிளிக் மெனுவில் வியூ பகுதியில் 'ஷோ ஆக்டிவ்' என்று தேடுங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை ஃபைல் மெனுவில் 'கிளீன் அப்' போய்ப் பயன்படாத டேட்டாவை பர்ஜ் செய்யலாம். அழித்த பொருள்களின் மெஷ்களும் மெட்டீரியல்களும் வெளியேறும். அதற்கு முன் ஆக்‌ஷன் எடிட்டரைத் திறந்து, பின்னால் தேவைப்படும், அசைவுகளைப் பதிந்து வைத்த ஆக்‌ஷன்களின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள கேடயச் சின்னம் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், எந்தப் பொருளிலும் மாட்டாமல் வைத்திருக்கும் ஆக்‌ஷன்களும் குப்பையோடு போய்விடும்.