ஆட்டிசம் மருந்துக்கு ஒப்புதல் வரும்வரை பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ஆட்டிசத்துக்கு மருந்து வந்தாச்சாம்" என்று ஒரு செய்தி வந்தால் போதும், அன்று இரவே பெற்றோர் குழுக்களில் கேள்விகள் வந்து குவியும். எப்போது கிடைக்கும், எவ்வளவு டோஸ், என் பையனுக்கு நாலு வயசு, கொடுக்கலாமா? அந்த அவசரத்தைக் குறை சொல்ல மாட்டேன். வருடக்கணக்காகக் காத்திருக்கிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் காத்திருக்கிற இந்தக் காலத்தில்தான் பணமும், சில சமயம் பிள்ளையின் உடம்பும் வீணாகிற தவறுகள் நடக்கின்றன. எதற்கு ஒப்புதல், எந்த வயதுக்கு, இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்காமல் தலைப்பை மட்டும் நம்புவதில்தான் அவற்றில் பெரும்பாலானவை ஆரம்பிக்கின்றன.

முதலில் நிலவரம் என்னவென்று தெரிந்துகொள்வோம். ஆட்டிசத்தோடு சேர்ந்து வரும் கடும் எரிச்சலுக்கு, அதாவது அடித்துக்கொள்வது, கடித்துக்கொள்வது, அடக்க முடியாத கோபம் போன்றவற்றுக்கு, அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒப்புதல் தந்த மருந்துகள் இரண்டு: 2006-ல் ரிஸ்பெரிடோன், 2009-ல் அரிபிப்ரசோல். இரண்டும் பேச்சை வரவழைப்பதற்கோ, மற்றவர்களோடு பழக வைப்பதற்கோ அல்ல. ஆட்டிசத்தின் அந்த அடிப்படை அம்சங்களை மாற்றும் என்று பெரிய சோதனைகளையெல்லாம் தாண்டி நிரூபித்த மருந்து எதுவும் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

தலைப்பைப் படித்துவிட்டுக் கடைக்கு ஓடுவது முதல் தவறு. 2025 செப்டம்பரில் லூக்கோவோரின் பற்றி வந்த அறிவிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க "ஆட்டிசம் மருந்து" என்றே செய்தி போனது. எஃப்.டி.ஏ.வின் அறிவிப்பிலோ, ஒப்புதல் நடவடிக்கை தொடங்கியது மூளையில் ஃபோலேட் என்ற பி வைட்டமின் குறைபாடு உள்ள நோயாளிகளுக்கு என்றுதான் இருந்தது. ஆட்டிசம் உள்ள சிலருக்கு அந்தக் குறைபாடு இருக்கலாம், எல்லோருக்கும் கிடையாது. இது புது மருந்தும் அல்ல, மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்தின் நச்சைக் குறைக்கப் பல காலமாகக் கொடுத்து வருவது. செய்தியைப் பார்த்துவிட்டு ஃபோலிக் ஆசிட் மாத்திரையை வாங்கி இஷ்டத்துக்குக் கொடுப்பது இன்னும் மோசம். லூக்கோவோரின் என்பது ஃபோலினிக் ஆசிட். பெயர் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் உடம்பு இரண்டையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை.

இதே குழப்பம் வேறு விதங்களிலும் வரும். 2023-ல் ட்ரோஃபினெடைடுக்கு ஒப்புதல் கிடைத்தது, ஆனால் அது ரெட் சிண்ட்ரோம் என்ற மரபணு நோய்க்கு. 2021-ல் எஃப்.டி.ஏ. அனுமதித்த கேன்வாஸ் டிஎக்ஸ் என்ற மென்பொருள் ஆட்டிசத்தைக் கண்டறிய டாக்டருக்கு உதவுவது, சிகிச்சை அல்ல. ஆகவே செய்தி எதுவானாலும் மூன்றைத் தேடிப் பிடியுங்கள்: எந்த நோய் அல்லது எந்த அறிகுறி, எந்த வயது, எந்த நாட்டின் அமைப்பு. ஒரு நாட்டில் கிடைத்த ஒப்புதல் இன்னொரு நாட்டில் தானாகச் செல்லாது.

ரெட் சிண்ட்ரோம் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மரபணுப் பரிசோதனையை "தெரிந்து என்ன ஆகப்போகிறது" என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இதுவரை வந்த ஒப்புதல்களைப் பார்த்தால் காரணம் தெளிவாகத் தெரிந்த நோய்களுக்குத்தான் மருந்து முதலில் வருகிறது, டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற இன்னொரு மரபணு நோய்க்கு எவரோலிமஸ் என்ற மருந்து வந்தது போல. உங்கள் பிள்ளைக்கு அப்படி ஒரு காரணம் இருந்து, அது உங்களுக்கே தெரியாமல் இருந்தால், உரிய மருந்து வரும்போதும் தெரியாமலே போய்விடும்.

அடுத்தது, பாதி வழியில் இருப்பதை வந்து சேர்ந்ததாக நினைப்பது. "ப்ரேக்த்ரூ" என்று எஃப்.டி.ஏ. ஒரு மருந்துக்கு அடையாளம் கொடுத்தால், ஆரம்பகட்ட முடிவுகள் நன்றாக இருக்கின்றன, ஆய்வையும் பரிசீலனையையும் வேகப்படுத்த உதவுவோம் என்றுதான் பொருள். ரோச் நிறுவனத்தின் பலோவாப்டானுக்கு 2018 ஜனவரியில் அந்த அடையாளம் கிடைத்தது, பெற்றோர் எவ்வளவு நம்பிக்கையோடு இருந்தார்கள் தெரியுமா? 2020-ல், பெரியவர்களிடம் நடந்த மூன்றாம் கட்ட சோதனையை, அதாவது ஒப்புதலுக்கு முன் நிறையப் பேரிடம் செய்யும் பெரிய சோதனையை, பலன் தெரியப்போவதில்லை என்று நிறுத்திவிட்டார்கள். புமெட்டனைடு கதையும் அதுவே. சிறுநீர் பிரிய வைக்கிற அந்தப் பழைய மருந்து சிறிய சோதனைகளில் நன்றாக வேலை செய்வது போலத் தெரிந்தது, 2021 செப்டம்பரில் இரண்டு மூன்றாம் கட்ட சோதனைகள் பலனில்லை என்று நின்றன. அதற்குள் ஒப்புதலுக்கு முன்னாலேயே வாங்கிக் கொடுத்த பெற்றோரின் பிள்ளைகள் பொட்டாசியம் குறைகிற ஆபத்தைச் சும்மா சுமந்ததுதான் மிச்சம். ஆக்சிடோசின் ஸ்ப்ரேயும் அப்படித்தான். 290 பிள்ளைகளிடம் 24 வாரம் சோதித்து 2021-ல் வெளியான முடிவில், பழகும் திறனில், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த மருந்தே இல்லாத போலி ஸ்ப்ரேயைவிட அது எந்த விதத்திலும் மேலாக இல்லை.

"எஃப்.டி.ஏ.வில் பதிவு செய்யப்பட்டது" என்று பாட்டிலில் போட்டிருக்கும், அதையும் நம்பிவிடாதீர்கள். ஒரு தொழிற்சாலையைப் பதிவு செய்வதும், அங்கே தயாராகிற பொருள் வேலை செய்கிறது என்று ஒப்புதல் தருவதும் முற்றிலும் வேறு. மருந்துச் சோதனைகளைப் பட்டியலிடும் அமெரிக்க அரசின் கிளினிக்கல் டிரையல்ஸ் டாட் கவ் தளத்தில் ஒரு சோதனையின் பெயர் இருப்பதும் அப்படித்தான். அங்கே பதிவாகியிருப்பதால் அரசு அதைச் சரிபார்த்து அங்கீகரித்துவிட்டது என்று ஆகாது.

இப்போது சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது, ஏனென்றால் இது நம் கண்ணைப் பற்றியது. "எனக்கு எந்த ஆராய்ச்சியும் வேண்டாம், என் பிள்ளையை எனக்குத் தெரியாதா?" என்று கேட்பார்கள். தெரியும்தான். ஆனாலும் செக்ரெட்டினுக்கு என்ன ஆனது என்று பாருங்கள். கணையம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கப் பயன்பட்ட ஒரு ஹார்மோன் அது. வயிற்றுப் பரிசோதனைக்காக அதைப் போட்ட பிறகு ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன் நன்றாகத் தேறினான் என்று 1998-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மருந்தைத் தேடி அலைந்தன, கையிருப்பே தீர்ந்துபோனது. அப்புறம் 60 பிள்ளைகளை வைத்து முறையாகச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு செக்ரெட்டின், பாதிப் பேருக்கு வெறும் உப்பு நீர், யாருக்கு எது என்று பெற்றோருக்கும் தெரியாது, மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. 1999 டிசம்பரில் முடிவு வந்தது: உப்பு நீர் போட்ட பிள்ளைகளிடமும் அதே அளவு முன்னேற்றம்! இந்த முடிவைச் சொன்ன பிறகும் அந்தப் பெற்றோரில் 69 சதவீதம் பேர் செக்ரெட்டினில் இன்னும் ஆர்வம் இருப்பதாகச் சொன்னார்கள்.

அவர்களை ஏமாளிகள் என்று நான் சொல்லவே மாட்டேன். ஒரு பிள்ளை கொஞ்ச நாளில் தானாகவே கொஞ்சம் வளரும், மோசமான வாரத்துக்குப் பின் நல்ல வாரம் வரும், மருந்து கொடுத்த நம்பிக்கையில் நாமும் பொறுமையாகப் பேசுவோம், அதிகம் கவனிப்போம், பிள்ளையும் அதற்கேற்ப மாறும். 2009-ல் 149 பிள்ளைகளிடம் சிட்டலோப்ராம் என்ற மனச்சோர்வு மருந்தைச் சோதித்தபோது, மருந்து எடுத்தவர்களில் சுமார் 33 சதவீதம் பேர் தேறியதாகக் கணக்கு வந்தது, போலி மருந்து எடுத்தவர்களில் 34 சதவீதம். மூன்றில் ஒரு பிள்ளை வெறும் போலி மருந்திலேயே தேறியதாகத் தெரிகிற ஒரு துறையில், பக்கத்து வீட்டுப் பையன் மாறிவிட்டான் என்ற ஒரு வீடியோவை வைத்து எப்படி முடிவெடுப்பது?

ஆகவே டாக்டர் எதைத் தொடங்கினாலும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்குங்கள். புது மருந்து, புது டயட், புது தெரபி மூன்றையும் ஒரே வாரத்தில் ஆரம்பித்தால் எது உதவியது, எதனால் தூக்கம் கெட்டது என்று கடவுளாலும் சொல்ல முடியாது. தொடங்குவதற்கு முன்பே சில வாரம் குறித்து வையுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கினாள், இரவில் எத்தனை முறை எழுந்தாள், எத்தனை முறை மெல்ட்டவுன் (தாங்க முடியாமல் கட்டுப்பாடு இழப்பது), வேண்டியதை எப்படிக் கேட்டாள். "இப்போ நல்லா இருக்கா" என்று எழுதினால் பிற்பாடு ஒன்றுக்கும் உதவாது. "தண்ணி வேணும்னு கையைப் பிடித்து இழுக்காமல் படத்தைக் காட்டினாள், இன்று இரண்டு தடவை" என்று எழுதுங்கள். பக்கவிளைவைக் கவனிக்க, பிள்ளையோடு இருக்கிற ஒருவருக்கு மருந்து பற்றித் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மாற்றத்தை மதிப்பிடச் சொல்கிறவருக்கு, முடிந்தால், தெரியாமல் இருப்பது நல்லது.

ஆபத்தான தவறுகளைப் பற்றிச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உடம்பிலிருந்து உலோகத்தை வெளியேற்றுகிறோம் என்று செய்யும் கீலேஷன் ஆட்டிசத்துக்கு வேண்டவே வேண்டாம். 2005-ல் அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன் அந்தச் சிகிச்சையின்போது ரத்தத்தில் கால்சியம் இறங்கி இறந்துபோனான். எம்.எம்.எஸ். என்ற பெயரில் விற்பது குளோரின் டையாக்சைடு, குடித்தால் ப்ளீச் குடித்தது போலத்தான் என்று எஃப்.டி.ஏ.வே எச்சரித்திருக்கிறது. யார் சொன்னாலும் கொடுக்காதீர்கள்.

ஸ்டெம் செல் சிகிச்சைக்காக நிலத்தை விற்று, நகையை அடகு வைத்து, நாடு விட்டு நாடு போகிறார்கள். ஆட்டிசத்துக்கு எஃப்.டி.ஏ. ஒப்புதல் பெற்ற ஸ்டெம் செல் சிகிச்சை எதுவும் கிடையாது. டியூக் பல்கலைக்கழகத்தில் 180 பிள்ளைகளிடம் தொப்புள்கொடி ரத்தத்தை வைத்துச் செய்த சோதனை 2020-ல் வெளியானது, அதன் முக்கிய இலக்கான பழகும் திறனில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரியவில்லை. யாராவது "இது ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டு பெரிய தொகை கேட்டால், போலி மருந்துக் குழு இருக்கிறதா, நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தைக் காட்ட முடியுமா, பக்கவிளைவு வந்தால் செலவு யாருடையது என்று கேளுங்கள். ஒரு மருந்து நிறுவனம் நடத்தும் சோதனையில் பொதுவாக மருந்துக்குக் காசு வாங்க மாட்டார்கள்.

முறையான சோதனையில் சேருவது நல்ல விஷயம். அப்படிச் சேருகிற குடும்பங்கள் இல்லாமல் எந்த ஒப்புதலும் வராது. ஆனால் அதை மருந்து முன்கூட்டியே கிடைக்கிற குறுக்கு வழியாக நினைத்துச் சேராதீர்கள், உங்கள் பிள்ளைக்குப் போலி மருந்து வரவும் வாய்ப்பு உண்டு. முடிந்த பிறகு என்ன என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். ஆர்பக்லோஃபென் என்ற மருந்தைச் சோதித்த நிறுவனம் 2013-ல் பணமில்லை என்று தொடர் ஆய்வை நிறுத்தியது, தங்கள் பிள்ளைக்கு அது உதவுகிறது என்று நம்பிய குடும்பங்கள் எவ்வளவு மன்றாடியும் மருந்து நின்றுபோனது. இன்னொன்று, சோதனையில் சேர வேண்டும் என்பதற்காக வலிப்பு மருந்தையோ வேறு எதையுமோ நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு மோசமாகத் திரும்ப வரலாம்.

மருந்து வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று மற்றதைத் தள்ளிப்போடுவது சத்தமில்லாமல் நடக்கும் தவறு. ஸ்பீச் தெரபி, படம் காட்டிக் கேட்கப் பழக்குவது, தூக்கத்தைச் சரிசெய்வது, மலச்சிக்கல், பல்வலி, வலிப்பு இருக்கிறதா என்று பார்ப்பது, இதற்கெல்லாம் எந்த அமைப்பின் ஒப்புதலுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பேச முடியாத பிள்ளை திடீரென்று தலையை மோதிக்கொள்ள ஆரம்பித்தால் முதலில் வலி இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். அப்புறம், "மருந்து வந்துட்டா இவன் சரியாகிடுவான்" என்று பிள்ளை முன்னாலேயே பேசுவதை நிறுத்துங்கள். பேசாத பிள்ளைக்கும் காது கேட்கிறது.

கடைசியாக, நிஜமாகவே ஏதாவது ஒப்புதல் வந்துவிட்டால் முதல் நாளே முதல் டோஸ் கொடுக்க வேண்டும் என்று துடிக்காதீர்கள். ஒப்புதல் பெற்ற மருந்துக்கும் விலை உண்டு. ரிஸ்பெரிடோன் சோதனையில் எட்டே வாரத்தில் பிள்ளைகளின் எடை சராசரியாக 2.7 கிலோ கூடியது, போலி மருந்தில் 0.8 கிலோ. கடும் கோபத்தில் தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைக்கு அந்த விலை தகும் என்று நீங்களும் டாக்டரும் முடிவு செய்யலாம், லேசான எரிச்சலுக்குத் தகாமல் போகலாம். பிள்ளை இப்போது எடுக்கும் மருந்துகள், சப்ளிமென்ட்டுகள் உட்பட, அவற்றின் டோஸ், எடை, வலிப்பு வந்திருந்தால் கடைசியாக எப்போது வந்தது, இதுவரை ஒத்துக்கொள்ளாத மருந்துகள், எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி எடுத்துப் போங்கள். புது மருந்தைப் பற்றி நீங்கள் கேட்பதற்கு முன் டாக்டர் உங்களிடம் கேட்கப்போவது அதைத்தான்.