கன்னியாவில் பார்த்தது நினைவில் நிற்பதற்கு

திருகோணமலை நகரிலிருந்து அநுராதபுரம் வீதியால் சென்று, கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் நீராடித் திரும்பும் ஒருவரிடம் ஏழில் எந்தக் கிணற்று நீர் அதிகம் சுட்டது என்று கேட்டுப் பாருங்கள். ஏழிலும் அள்ளித் தலையில் ஊற்றியவர்கூடப் பெரும்பாலும் தடுமாறுவார். உடல் சூட்டை உணர்ந்தது. கவனம் வேறெங்கோ இருந்தது. ஆகவே ஞாபகசக்தியைக் குறைகூறுவதை விட்டு, பார்க்கும் நேரத்தில் கவனத்தை எதில் நிறுத்துவது என்பதை முன்னரே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

முதலில், ஒரு கேள்வியோடு செல்லுங்கள். "இது முந்திய கிணற்றைவிடச் சூடா, குறைவா?" என்பதே போதும். ஒவ்வொரு வாளியையும் ஊற்றுமுன் கையை நனைத்து, விடையை வாய்விட்டுச் சொன்ன பின்னரே அடுத்த கிணற்றுக்கு நகருங்கள். பின்னால் நிற்பவர் அவசரப்படுத்தத்தான் செய்வார். கிரெய்க், டல்விங் என்னும் உளவியலாளர்கள் 1975இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரு சொல் எவ்வகை எழுத்தில் அச்சாகியுள்ளது என்று மட்டும் பார்த்தபோது இருந்ததைவிட, அது ஒரு வாக்கியத்தில் பொருந்துமா என்று யோசித்தபோது அச்சொல் மிக நன்றாக நினைவில் நின்றது. பிறகு நினைவைச் சோதிப்பார்கள் என்று தெரியாதவர்களிடமும் இதுவே காணப்பட்டது என்பதால், நினைவில் வைக்கவேண்டும் என்ற வைராக்கியத்தைவிட எந்தக் கேள்வியோடு பார்க்கிறோம் என்பதே முக்கியம் என்பேன்.

கைத்தொலைபேசியைச் சற்றுத் தாமதித்து எடுங்கள். லிண்டா ஹெங்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருள்களைப் படம் பிடித்தவர்கள், வெறுமனே பார்த்த பொருள்களைவிடப் படம் பிடித்தவற்றைக் குறைவாகவே நினைவுகூர்ந்தார்கள். பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாகப் பிடித்தபோது அந்த இழப்பு ஏற்படவில்லை. எனவே முழுக் காட்சியையும் கண்ணால் பார்த்துவிட்டு, உங்களுக்குப் பிடித்த ஏதாவது ஒரு பகுதியைத் தேர்ந்து படமெடுங்கள். அன்றிரவு படங்களைத் திறக்காமல், கிணறுகளின் சூட்டு வரிசையைத் தாளில் எழுதிப் பாருங்கள்.

உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கும் இதே முறை உதவும். பாடத்தின் ஒலிப்பதிவை ஓடவிட்டுக்கொண்டு வேறு வேலை பார்ப்பவர்கள், நெவில் மோரே 1959இல் வெளியிட்ட சோதனையை அறிந்துகொள்ள வேண்டும். ஒரு காதில் கேட்ட பேச்சைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு, மறு காதில் ஒரே சொற்பட்டியல் 35 தடவை ஒலித்தும் அச்சொற்கள் பின்னர் அடையாளம் தெரியவில்லை. தம் பெயர் மட்டும் சிலர் காதில் விழுந்தது! ஒலிப்பதிவைக் கேட்பதானால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை நிறுத்தி, கொப்பியை மூடிவைத்து, சொல்லப்பட்டது ஏன் அப்படி நிகழ்கிறது என்று சொந்த வசனத்தில் எழுதுங்கள். எழுத வராத இடத்தை மட்டும் மறுபடி கேளுங்கள்.